கத்துவது பெல்ற்றா, டைனமோவா?

விடியப்புறம் வாகனத்தை ஸ்ராட் செய்ததும் எஞ்சின் பக்கத்திலிருந்து 'கீ...ச்' என்று நீளமாக ஒரு சத்தம் எழும். அரை நிமிடம், ஒரு நிமிடம் கத்திவிட்டுத் தானாகவே அடங்கும். மறுநாளும் கத்தும். நாட்கள் போகப்போக, இரவில் லைற்றைப் போட்டாலும் கத்தும், மழைக்குள் ஓடினாலும் கத்தும். எமது பகுதிகளில் ஓடுகின்ற பழைய வான்களிலும், பட்டா ரக வாகனங்களிலும், கார்களிலும் இந்தச் சத்தத்தைக் கேட்காதவர்கள் இருக்க மாட்டார்கள்.

"வாகனத்தைப் பற்றி எங்களுக்கு எதற்கு? அது ஆம்பிளையளின்ரை வேலையெல்லோ?" என்று சில சகோதரிகள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிடக்கூடும். சற்றுப் பொறுங்கள். நான் கடமைக்குச் செல்கின்ற கிளிநொச்சி, முல்லைத்தீவுக் கிராமங்களில் பாடசாலை வான் ஓட்டுகின்ற பெண்கள் இருக்கிறார்கள். மரக்கறி ஏற்றிச் சந்தைக்குக் கொண்டு போகின்றவர்கள் இருக்கிறார்கள். கணவரின் வாகனத்தைச் சாரதி வைத்து ஓடவிட்டு, அந்த வருமானத்தில் பிள்ளைகளைப் படிப்பிக்கின்ற தாய்மார் இருக்கிறார்கள். ஸ்ரியரிங்கைப் பிடிப்பது யாராக இருந்தாலும், கராஜில் காசை எண்ணிக் கொடுப்பவர்கள் இவர்கள்தான். என்ன பழுது என்று தெரியாமல் காசு கொடுப்பது, என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாத கடதாசியில் கையெழுத்து வைப்பது போன்றதுதானே?

நான் பல்கலைக்கழகத்தில் படித்தது சமூகவியல். அங்கே எவரும் எஞ்சினைத் திறந்து காட்டவில்லை. கள வேலைக்காக ஆண்டுக்கணக்கில் பழைய வாகனங்களில் திரிந்து, கராஜ் வாசல்களில் காத்திருந்து, கேட்டுக் கேட்டு அறிந்துகொண்டவற்றையே இங்கே எழுதுகின்றேன். (முச்சக்கர வண்டி வைத்திருக்கும் சகோதரிகள் குறை நினைக்க வேண்டாம். வழக்கமாக ஓடுகின்ற பஜாஜ் முச்சக்கர வண்டிகளில் இந்தப் பெல்ற் இல்லை. ஆகையால் இந்தத் தொல்லையும் உங்களுக்கு இல்லை.)

தையல் மெசினும் கிணற்றுக் கப்பியும்

மீள்குடியேற்றத்தின் பின்னர் வாழ்வாதார உதவி என்ற பெயரில் எமது பெண்கள் பலருக்கும் தையல் மெசின் கிடைத்தது. அதைப் பற்றி எனக்கு ஆயிரம் விமர்சனம் உண்டு. அது வேறு கட்டுரை. ஆனால் காலால் மிதிக்கும் தையல் மெசினை ஓட்டிய எந்தப் பெண்ணுக்கும் வாகனத்தின் பெல்ற்றை விளங்கப்படுத்துவது மிகச் சுலபம். கீழே இருக்கும் பெரிய சில்லைக் காலால் மிதிக்கின்றோம். தோல் பெல்ற் ஒன்று அந்தச் சுழற்சியை மேலே உள்ள சிறிய சில்லுக்குக் கொண்டுபோகின்றது. பெல்ற் தளர்ந்தால் என்ன நடக்கும்? கால் மிதிக்கும், மேற்சில்லு சரியாகச் சுற்றாது, பெல்ற் வழுக்கும். தடித்த துணி தைக்கும்போது இன்னும் கூடுதலாக வழுக்கும். நாங்கள் என்ன செய்வோம்? மெசினையே மாற்றுவோமா? பெல்ற்றில் கொஞ்சத்தை வெட்டிக் கம்பியைத் திரும்பக் கொளுவி இறுக்குவோம்.

வாகனத்திலும் இதே கதைதான். எஞ்சினின் முன்பக்கத்தில் பெரிய கப்பி ஒன்று சுற்றுகின்றது. அதிலிருந்து போகின்ற றப்பர் பெல்ற், டைனமோ என்று நாங்கள் சொல்லுகின்ற ஓல்ரனேற்றரைச் சுற்றுகின்றது. அதுதான் பற்றரியைச் சார்ஜ் செய்வது. எஞ்சினுக்குள் தண்ணீரை ஓடவிடும் வோட்டர் பம்ப், பவர் ஸ்ரியரிங் பம்ப், ஏ.சி. கொம்பிறசர் என்பவையும் இப்படியான பெல்ற்றுகளால்தான் சுற்றுகின்றன. பழைய டீசல் வான்களில் 'வி' எழுத்தின் வடிவில் குறுக்குவெட்டுக் கொண்ட பெல்ற்றுகள் தனித்தனியாக இருக்கும். பின்னர் வந்த வாகனங்களில் உட்பக்கம் நீள வரிகள் கொண்ட ஒரே அகலப் பெல்ற் எல்லாக் கப்பிகளையும் வளைந்து வளைந்து சுற்றிவரும். தையல் மெசினில் தடித்த துணி எப்படியோ, இங்கே லைற்றும் ஏ.சி.யும் அப்படி. அவற்றைப் போட்டால் பாரம் கூடும். தளர்ந்த பெல்ற் வழுக்கும். றப்பர் உலோகத்தில் வழுக்கும்போது எழும் கூச்சல்தான் எமக்குக் கேட்கின்ற அந்தக் 'கீச்'.

இனி, கிணற்றுக் கப்பியை நினைத்துப் பாருங்கள். எண்ணெய் காய்ந்தால் அதுவும் கத்தும். ஆனால் அங்கே கயிற்றில் பிழை இல்லை. கப்பியின் அச்சில்தான் பிழை. வாகனத்திலும் கப்பிகளுக்குள் பெயரிங் இருக்கிறது. அது தேய்ந்தாலும் சத்தம் வரும். ஆகவே பெல்ற் வழுக்குகின்றதா, பெயரிங் தேய்ந்திருக்கின்றதா என்பதுதான் முதலில் பிரித்து அறிய வேண்டியது. ஒன்றுக்குச் செலவு குறைவு. மற்றதற்குக் கூட.

கப்பியைக் கராஜ்களில் 'புலி' என்பார்கள். 2009 இற்கு முன்னர் சோதனைச் சாவடி ஒன்றில் "புலி பழுது, மாத்த வேணும்" என்று சொல்லிவிட்டு மாட்டுப்பட்ட மெக்கானிக் ஒருவரின் கதையை எனக்குத் தெரிந்த கராஜ் ஐயா ஒருவர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். நாங்கள் கப்பி என்றே வைத்துக்கொள்வோம்.

நாற்பதாயிரம் ரூபாய்க் கதை

பரந்தன் - முல்லைத்தீவு வீதியில், தருமபுரம் பக்கத்திலிருந்து பாடசாலை வான் ஓட்டுகின்ற அக்கா ஒருவரை எனக்குப் பல ஆண்டுகளாகத் தெரியும். இரண்டு பெண் பிள்ளைகளின் தாய். கணவர் இல்லை. அவருடைய வான் 'டொல்பின்' என்று எல்லோரும் சொல்லுகின்ற, யப்பானில் செய்த பழைய டொயோட்டா ஹையேஸ். 2020 மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதி கிடைத்தது. அந்த ஐந்து ஆண்டுகளில் பழைய வாகனங்களின் விலை ஏறியதும், இருப்பதையே திருத்தித் திருத்தி ஓடியதும் உங்களுக்குத் தெரிந்ததுதான். 2022 இல் டீசல் இல்லாமல் அக்காவின் வான் வளவுக்குள் வாரக்கணக்கில் நின்றது. அப்படி நிற்கும்போது கப்பிகளின் தவாளிப்பில் துரு பிடிக்கும். பிறகு ஓடத் தொடங்கியதும் அந்தத் துரு அரத்தாள் போலப் பெல்ற்றைத் தேய்க்கும்.

2024 ஐப்பசியில், மாரி தொடங்கிய நேரம், வான் கத்தத் தொடங்கியது. இந்த வகை வான்களில் எஞ்சின் முன் சீற்றுக்குக் கீழே இருக்கிறது. ஆகவே சத்தம் வெளியே கேட்பதைவிட உள்ளே இருப்பவர்களுக்குத்தான் கூட. அக்கா ஒரு கராஜில் காட்டினார். சீற்றைத் தூக்கிப் பார்க்காமலே பதில் வந்ததாம்.

"டைனமோ போட்டுது அக்கா. மாத்தத்தான் வேணும். நாப்பதாயிரம் மட்டில வரும்."

அடுத்த கிழமை நான் அந்தப் பக்கம் போனபோது, அக்கா சங்கிலியை வங்கியில் அடகு வைப்பதற்காக அடையாள அட்டையைத் தேடிக்கொண்டிருந்தார். மூத்த பிள்ளைக்கென்று வைத்திருந்த சங்கிலி. இடம்பெயர்வு எத்தனையிலும் இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தது. வான் ஒரு நாள் நின்றால் பிள்ளைகளின் பெற்றோர் வேறு வான் பார்த்துவிடுவார்கள் என்ற பயம் வேறு. நாற்பதாயிரம் ரூபா என்பது வெறும் காசு மாத்திரம் அல்ல என்பது உங்களுக்கு விளங்கும்.

"அக்கா, வங்கி நாளைக்கும் திறந்திருக்கும். முதலில பெல்ற்றைப் பார்ப்பம்" என்றேன்.

"உமக்கு இதெல்லாம் தெரியுமே தங்கச்சி?" என்று கேட்டார். சிரிப்பும் சந்தேகமும் சேர்ந்த கேள்வி.

முதலில் கேட்பது

சத்தத்தை ஆராய்வதற்கு முதல் வேலை எஞ்சினைத் தொடுவதல்ல. எப்போது கத்துகின்றது என்பதைக் கவனித்து எழுதி வைப்பது. அக்காவின் வானில் உதவிக்கு வருகின்ற அம்மா ஒருவர் இருக்கிறார். சிறு பிள்ளைகளை ஏற்றி இறக்குபவர். 2009 இல் மாத்தளன் பக்கத்திலிருந்து தனியே வந்தவர். இந்த வான் கத்தத் தொடங்கிய நாளிலிருந்து அவர் ஸ்ராட் செய்கின்ற நேரம் வானுக்குள் ஏறுவதில்லை. படலையடியில் நின்று இரண்டு காதையும் பொத்திக்கொள்வார். "கிபிர் பதிஞ்சு வாற மாதிரிக் கிடக்கு பிள்ளை" என்றார். இதைக் கேட்டுச் சிரிக்கின்றவர்கள் எங்கள் மத்தியில் இருக்க மாட்டார்கள். ஓர் இரும்புத் தகடு விழுந்தாலும் நெஞ்சு பதறுகின்ற எத்தனை பேரை நான் வீடு வீடாகப் பார்த்திருக்கின்றேன்! நிறுத்தக்கூடிய ஒரு சத்தத்தை நிறுத்தாமல் விடுவது அப்படியானவர்களுக்கு நாள்தோறும் செய்யும் துன்பம்.

ஆனால் அந்த அம்மாவிடம்தான் சரியான விபரமும் இருந்தது. எந்தச் சத்தம் எங்கிருந்து வருகின்றது என்று காதால் பிரித்தறிந்து உயிர் தப்பியவர்கள் அல்லவா நாங்கள். "ஸ்ராட் பண்ணினவுடன நீட்டுக்குக் கத்தும். ஒரு நிமிசத்தில நிக்கும். லைற் போட்டால் திரும்பவும் வரும். வளைக்கேக்க வராது" என்று அவர் ஒரே மூச்சில் சொன்னார். ஒரு மெக்கானிக்குக்கு வேண்டிய முக்கால்வாசித் தகவல் அதிலேயே இருக்கிறது.

எப்படி என்று பார்ப்போம். எஞ்சினை ஸ்ராட் செய்ய பற்றரியிலிருந்து நிறைய மின்சாரம் போகின்றது. டீசல் வாகனத்தில் எஞ்சினைச் சூடாக்கவும் போகின்றது. போனதை நிரப்புவதற்காக டைனமோ முதல் ஒரு நிமிடம் கடுமையாக வேலை செய்கின்றது. அந்த நேரம் அதன் கப்பி பாரமாகச் சுற்றும். பெல்ற் தளர்வாக இருந்தால் அப்போதுதான் வழுக்கும். பற்றரி நிரம்பியதும் பாரம் குறைந்து சத்தம் நிற்கும். லைற்றைப் போட்டால் மீண்டும் பாரம். ஆகவே அம்மா சொன்ன சத்தம் டைனமோவைச் சுற்றுகின்ற பெல்ற்றில் இருந்து வருகின்றது. ஸ்ரியரிங்கை முழுதாக வளைக்கும்போது கத்தினால் பவர் ஸ்ரியரிங் பெல்ற். ஏ.சி.யைப் போட்டதும் கத்தினால் ஏ.சி. பெல்ற். (ஸ்ரியரிங்கை ஒரு பக்கமாக முழுதும் வளைத்தபடி இரண்டு மூன்று செக்கனுக்கு மேல் பிடிக்க வேண்டாம், பம்புக்குக் கூடாது.)

சத்தத்தின் சாயலும் முக்கியம். நீளமாகக் கத்துவது வழுக்கல். குருவிக்குஞ்சு போலக் 'கீச், கீச், கீச்' என்று விட்டுவிட்டு ஒரே தாளத்தில் வந்து, எஞ்சின் வேகம் கூடக் கூடத் தாளமும் விரைவானால், பெரும்பாலும் கப்பிகள் ஒரே நேர்கோட்டில் இல்லை, அல்லது வரிப் பெல்ற்றின் வரிகளுக்குள் ஏதோ சிக்கியிருக்கிறது. ஆட்டுக்கல் அரைப்பது போல 'உறுறு' என்று பாரமான சத்தம் எந்த நேரமும் வந்தால் அது பெயரிங். மாரி காலத்து விடியலில் சில செக்கன் மாத்திரம் கத்தி, பிறகு நாள் முழுதும் சத்தமே இல்லையென்றால் அது ஈரம். அவசரப்பட வேண்டியதில்லை, கவனித்து வந்தால் போதும்.

தலைமயிரும் சால்வையும்

எஞ்சினைத் திறக்க முன்னர் இதைக் கட்டாயம் வாசியுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் பெல்ற்றுக்கும் கப்பிக்கும் இடையில் விரல் அகப்பட்டால் விரல் போய்விடும். பின்னலைக் கொண்டையாக்கிக் கட்டுங்கள். சல்வார் சால்வையைக் கழற்றி வையுங்கள். சேலையென்றால் முந்தானையைச் செருகினால் போதாது. அன்றைக்கு வேறு உடுப்பு உடுத்துங்கள். காப்பு, மோதிரம், தொங்கும் சங்கிலி எதுவும் வேண்டாம். டொல்பின் வான் போன்றவற்றில் றேடியேற்றர்க் காற்றாடியும் பெல்ற்றுக்கு அருகிலேயே சுற்றுகின்றது. ஆகவே தொட்டுப் பார்ப்பதெல்லாம் எஞ்சினை நிறுத்தி, திறப்பை எடுத்து உங்கள் கையில் வைத்துக்கொண்டு செய்ய வேண்டியவை. பிள்ளைகளைக் கிட்ட விடவேண்டாம்.

கண்ணாலும் விரலாலும்

எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு சீற்றைத் தூக்கினோம். ரோர்ச் வெளிச்சத்தில் பெல்ற்றின் பக்கங்களைப் பார்த்தோம். புது 'வி' பெல்ற்றின் பக்கங்கள் மங்கலாக இருக்கும். இது கண்ணாடி போல மினுங்கியது. வழுக்கி வழுக்கிச் சூடாகி, றப்பர் இறுகிப்போனதன் அடையாளம். இப்படி மினுங்கத் தொடங்கிய பெல்ற்றை இறுக்கினாலும் கனகாலம் பிடிக்காது.

அடுத்தது, கப்பியின் தவாளிப்பில் பெல்ற் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பது. நல்ல 'வி' பெல்ற் அதன் இரண்டு பக்கங்களாலும்தான் பிடிக்கும். அதன் முதுகு கப்பியின் விளிம்பு மட்டத்தில் இருக்கும். தேய்ந்த பெல்ற் உள்ளே இறங்கி அடியைத் தொட்டுவிடும். அடியைத் தொட்டால் பக்கப் பிடி போய்விடும். அக்காவின் பெல்ற் நன்றாகவே இறங்கியிருந்தது.

பிறகு பெருவிரலால் அழுத்திப் பார்த்தோம். இரண்டு கப்பிகளுக்கு இடையில் நீளமான பகுதியின் நடுவில் அழுத்த வேண்டும். ஏறக்குறைய 10 கிலோ பாரத்துக்குச் சமமாக அழுத்தினால் 10 மில்லிமீற்றர் அளவு, அதாவது ஒரு சின்ன விரலின் மொத்தத்துக்குச் சற்றுக் குறைவாகத் தாழ்ந்தால் பொதுவாகச் சரி. சரியான அளவு அந்தந்த வாகனத்தின் கைநூலில் இருக்கும். அக்காவின் பெல்ற் இரண்டு மடங்குக்கு மேல் தாழ்ந்தது. "தையல் மெசினிலயும் இப்படித்தானே பாப்பம்" என்றார் அக்கா. அவர் முகத்தில் அப்போதுதான் கொஞ்சம் தெளிவு வந்தது.

வரிப் பெல்ற் உள்ள வாகனமென்றால் வரிகளின் குறுக்கே வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே வரியில் 3 அங்குல நீளத்துக்குள் 3 வெடிப்பு அல்லது அதற்கு மேல் இருந்தால் மாற்ற வேண்டும். ஆனால் இப்போது வருகின்ற வரிப் பெல்ற்றுகளின் றப்பர் வேறு வகை. அவை இலகுவில் வெடிக்காது. தேய்ந்து தேய்ந்து வரிகளுக்கு இடைப்பட்ட பள்ளம் அகலும். வெடிப்பு இல்லை என்பதற்காக நல்ல பெல்ற் என்று நினைத்துவிடக் கூடாது. இவற்றில் பல, தாமாகவே இறுக்கிப் பிடிக்கும் ஸ்பிறிங் கை ஒன்றுடன் வரும். எஞ்சின் ஓடும்போது அந்தக் கை துள்ளித் துள்ளி ஆடினால் பழுது பெல்ற்றில் அல்ல, அந்தக் கையில்.

பெல்ற்றில் எண்ணெய்ப் பசை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். எஞ்சின் ஒயிலோ டீசலோ பட்டால் றப்பர் ஊதி மெதுமையாகிவிடும். வோட்டர் பம்பில் இருந்து றேடியேற்றர்த் தண்ணீர் கசிந்து காய்ந்த தடம் இருந்தால், கசிவைத் திருத்தாமல் புதுப் பெல்ற் போடுவது காசை ஆற்றில் போடுவதற்குச் சமம். எமது கிறவல் வீதிகளின் புழுதியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பசையும் புழுதியும் சேர்ந்தால் அரத்தாள்தான்.

ஒரு குவளை தண்ணீர்

இன்னும் சந்தேகம் இருந்தால் தண்ணீர் சொல்லித் தரும். பூஞ்செடிக்குத் தெளிக்கும் விசிறுபோத்தல் இருந்தால் நல்லது. எஞ்சின் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும்போது, கையை எட்ட வைத்து, கத்துகின்ற பெல்ற்றின் உட்பக்கத்தில் கொஞ்சத் தண்ணீர் மாத்திரம் விசிறுங்கள். சத்தம் இன்னும் கூடினால் பெல்ற் வழுக்குகின்றது, இறுக்கம் போதாது. சத்தம் சட்டென்று நின்று சில செக்கனில் திரும்பி வந்தால் கப்பிகள் நேராக இல்லை. தண்ணீர் பட்டும் சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லையென்றால் பெயரிங் பக்கம் பார்க்க வேண்டும். அக்காவின் வான் தண்ணீர் பட்டதும் ஊரையே கூட்டிவிட்டது. உதவிக்கு வருகின்ற அம்மாவை அதற்கு முன்னரே கடைக்கு அனுப்பிவிட்டோம்.

டைனமோ உண்மையில் பழுதா என்று பார்க்கும் வழியும் உண்டு. மல்ரிமீற்றர் என்ற சிறு கருவியை மின்சாரப் பொருட் கடைகளில் வாங்கலாம். எஞ்சின் நிற்கும்போது, நல்ல பற்றரியில் 12.6 வோல்ற் அளவு காட்டும். எஞ்சின் ஓடும்போது 13.8 இலிருந்து 14.4 வரை காட்டினால் டைனமோ சார்ஜ் செய்கின்றது என்று அர்த்தம். அக்காவின் வானில் சத்தம் அடங்கிய பின்னர் 14.1 காட்டியது. போய்விட்டது என்று சொல்லப்பட்ட டைனமோ உயிரோடுதான் இருந்தது.

பிறகு, நான் மேலே சொன்ன ஐயாவின் கராஜுக்கு வானைக் கொண்டு போனோம். பெல்ற்றைக் கழற்றிவிட்டு டைனமோக் கப்பியைக் கையால் சுற்றிப் பார்த்தார். ஆட்டமும் இல்லை, அரைபடவும் இல்லை. வோட்டர் பம்ப் கப்பியும் அப்படியே. இரண்டு பெல்ற் சோடியாக ஓடுகின்ற இடத்தில் ஒன்றை மாத்திரம் மாற்றினால் புதியதுதான் முழுப் பாரத்தையும் இழுக்கும் என்பதால் இரண்டையும் சேர்த்தே மாற்றினார். கப்பித் தவாளிப்பிலிருந்த துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்தெடுத்தார். எல்லாமாகக் கொடுத்த காசு, முன்பு கேட்ட நாற்பதாயிரத்தில் ஐந்தில் ஒன்று கூட வரவில்லை. சங்கிலி வங்கிக்குப் போகவில்லை.

முதலில் பார்த்த கராஜ்காரர் ஏமாற்றத்தான் நினைத்தார் என்று நான் சொல்ல வரவில்லை. டைனமோப் பக்கம் சத்தம் வந்தால் டைனமோவை மாற்றுவது சிலருக்குப் பழக்கம். ஆனால் பெண் தனியே வந்து நின்றால் சீற்றைத் தூக்கிப் பார்க்கத் தேவையில்லை என்ற எண்ணமும் இருக்கிறது. அதை நான் பல இடங்களில் கண்டிருக்கின்றேன். "பெல்ற்றின் இறுக்கத்தைப் பார்த்தீங்களா அண்ணை? சார்ஜ் எத்தனை வோல்ற் காட்டுது?" என்று இரண்டு கேள்வி கேட்டுப் பாருங்கள். கதை பேசும் விதமே மாறும். கழற்றிய பழைய சாமானை உங்களிடம் தரச் சொல்லியும் கேளுங்கள். கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016 இல் திறக்கப்பட்ட இலங்கை - ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் மோட்டார் வாகனத் துறையும் இருக்கிறது. பிள்ளைகளுக்கு எந்தத் தொழிற்பயிற்சி என்று யோசிக்கும் தாய்மார் பெண் பிள்ளைகளுக்கும் அதை விசாரித்துப் பார்க்கலாம். தையல் மாத்திரம்தான் என்று யார் சொன்னது?

சவர்க்காரம் பூச வேண்டாம்

கத்துகின்ற பெல்ற்றில் சவர்க்காரக் கட்டியைத் தேய்ப்பது எமது ஊர் வைத்தியம். சிலர் மெழுகு தேய்ப்பார்கள், சிலர் ஒயில் கூட விடுவார்கள். ஒரு நாள் இரண்டு நாள் சத்தம் நிற்கும், வழுக்கல் நிற்காது. பூசியதில் புழுதி ஒட்டிப் பெல்ற் இன்னும் விரைவாகத் தேயும். கடைகளில் இதற்கென்று விற்கின்ற ஸ்பிறேயும் அப்படித்தான். "கத்தினால் இறுக்கு" என்று அளவுக்கு மிஞ்சி இறுக்குவதும் கூடாது. டைனமோவினதும் வோட்டர் பம்பினதும் பெயரிங்குகள் அந்த இழுவையில் தேய்ந்துபோகும். மலிவான பழுதை விலையான பழுதாக்குகின்ற வழி அது.

எஞ்சினுக்குள் மூடியால் மறைத்தபடி ரைமிங் பெல்ற் என்று இன்னொன்று சில வாகனங்களில் இருக்கிறது. அது முற்றிலும் வேறு. அதில் நாங்கள் கை வைக்கக் கூடாது.

சத்தத்தைப் பொருட்படுத்தாமல் ஓடினால் என்ன என்று கேட்பீர்கள். வழுக்கும் பெல்ற் ஒரு நாள் அறும். அறுந்தால் சத்தமும் நின்றுவிடும், அதுதான் ஆபத்து. டாஷ்போர்ட்டில் பற்றரி வடிவச் சிவப்பு லைற் எரியும். வோட்டர் பம்பும் அதே பெல்ற்றில் ஓடினால் வெப்பமானியின் முள் ஏறத் தொடங்கும். அப்படி ஏறினால் "அடுத்த சந்தி வரைக்கும்" என்று ஓட்டவே கூடாது. ஓரமாக்கி, எஞ்சினை நிறுத்தி, பிள்ளைகளை வீதியின் உட்பக்கமாக இறக்குங்கள். சூடாக இருக்கும்போது றேடியேற்றர் மூடியைத் திறக்க வேண்டாம். கொதிநீர் முகத்தில் அடிக்கும். இன்னொன்றும் உண்டு. பல டீசல் வாகனங்களில் பிறேக்குக்கு உதவுகின்ற வாக்குவம் பம்ப் டைனமோவின் பின்பக்கத்தில்தான் பொருத்தப்பட்டிருக்கிறது. பெல்ற் அறுந்தால் டைனமோ நிற்கும். டைனமோ நின்றால் அந்தப் பம்பும் நிற்கும். சில தடவை மிதித்த பிறகு பிறேக் கல்லுப்போல இறுகிவிடும். முழுப் பலத்தோடும் மிதித்தால்தான் பிடிக்கும். பதினைந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வீதியில் போகும்போது இதை அனுபவிக்க எவரும் விரும்ப மாட்டார்கள்.

புதிய 'வி' பெல்ற் போட்டால் வேலை முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். முதல் ஒரு சில நாட்களில் அது தவாளிப்புக்குள் படிந்து சற்று இளகும். அக்காவின் வானும் இரண்டாம் கிழமை மெல்லிதாக ஒரு முறை கத்தியது. இந்த முறை அவர் கராஜுக்குப் போகவில்லை. டைனமோவைப் பிடித்திருக்கும் கீழ் ஆணியையும், நீள் துவாரத்தில் உள்ள மேல் ஆணியையும் சற்று இளக்கி, மரத்தடி ஒன்றால் டைனமோவை வெளிப்பக்கமாக நெம்பிப் பிடித்தபடி மேல் ஆணியை முதலிலும் கீழ் ஆணியைப் பிறகும் இறுக்கினார். மகள் ரோர்ச் பிடித்தாள். பெருவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு எனக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னார்.

பெல்ற்றின் முதுகில் எழுதியிருக்கும் இலக்கத்தை, அழிந்துபோக முன்னர், ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். வரிப் பெல்ற்றில் 6பிகே1070 என்றிருந்தால் 6 வரி, 1070 மில்லிமீற்றர் நீளம் என்று பொருள். அந்த இலக்கத்தைச் சொன்னால் எந்த உதிரிப்பாகக் கடையிலும் சரியானதை எடுத்துத் தருவார்கள். கழற்றிய பழைய சோடியில், அறுந்துபோகாமல் ஓரளவு நன்றாக இருந்ததை அக்கா சீற்றுக்குப் பின்னால் ஒரு பையில் போட்டு, அதோடு இரண்டு ஸ்பனரும் அந்த மரத்தடியும் வைத்திருக்கின்றார். உதவிக்கு வருகின்ற அம்மா இப்போது வான் ஸ்ராட் ஆக முன்னரே ஏறி, முன் சீற்றில் இருந்துகொள்கின்றார்.